அக்காவின் ரசிகர்கள்

மலாக்கா பண்டா ஹிலிர் திடலில் மலாயாவின் சுதந்திரத் தேதியை அறிவித்ததற்கு அடுத்த வருடம், ஒரு சனிக்கிழமை முற்பகலில், அந்த ஆய்வாளர் காஜா பேராங்கில் இருந்த எங்கள் வாடகை வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். நான் அப்போது தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அக்கா வாசல் அறையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துத்தான் வீட்டுக்குப் பாதிச் செலவு நடந்தது. அந்த வருடம் எல்லாக் கடைக்காரர்களும் புதுக்கொடி கேட்டதால் வீடு முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகத் துணி கிடந்தது.

வந்தவர் வெள்ளைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தார். கோலாலம்பூரில் பிறந்தவர், லண்டனில் படித்தவர், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் இசை ஆராய்ச்சி செய்கிறவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்த்து, அவளுடைய பழைய மேடைப் பெயரைச் சொல்லி, "அது நீங்கதானே?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. அடுக்களையில் அம்மாவின் கை நின்றது எனக்குக் கேட்டது. அக்கா மெஷினை நிறுத்தவில்லை.

"அவங்க செத்துப் போய்ட்டாங்க" என்றாள்.

அவர் கிளம்பவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் இந்த நாட்டுத் தமிழர்கள் என்ன பாடினார்கள், யார் பாடி யார் கேட்டார்கள் என்று ஒரு வரிகூட யாரும் எழுதி வைக்கவில்லை, இன்னும் கொஞ்ச காலம் போனால் எல்லாம் மறைந்துவிடும் என்றார். அதற்கும் அக்கா நிமிரவில்லை. அப்புறம்தான் அவர், தான் தோட்டங்களில் பார்த்துவிட்டு வந்த ஆட்களைப் பற்றிச் சொன்னார். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர்ப் பால் வெட்டுகிறவர், அக்காவின் கச்சேரி இருக்கிறதென்றால் டயருக்குப் பதில் கயிற்றைச் சுற்றிய சைக்கிளில் வருவாராம். ஒரு தடவை வழியில் கயிறு அறுந்துபோய், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாராம். வந்து சேர்ந்தபோது கடைசிப் பாட்டின் கடைசி அடி முடிந்ததாம்.

"அதைச் சொல்லிட்டு இன்னைக்கும் அழுவுறாருங்க, அந்த ஆளு" என்றார் ஆய்வாளர்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் விவரம் தெரிந்த பிறகு அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்துப் பார்த்ததில்லை. "தூக்கிட்டா ஓடியாந்தாரு? ஐயோ, அந்த சைக்கிளு சும்மாவே ஒரு கனம் கனக்குமே" என்றாள். அந்த ஒரு சிரிப்பில் எல்லாம் ஆரம்பமானது.

அக்கா பாடகியானது யாரும் திட்டமிட்டு நடக்கவில்லை. அப்பா ஜப்பான் சண்டைக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். ஜப்பான்காரன் வந்ததும் பள்ளிக்கூடம் மூடியது. வீட்டில் அம்மா, அக்கா, அவளுக்கு இரண்டு வயது இளைய அண்ணன், எல்லோருக்கும் கடைசியாக நான். நாடகக் கம்பெனியோடு வந்து இங்கேயே மாட்டிக்கொண்ட ஓர் ஆர்மோனியக்காரர் பக்கத்துத் தெருவில் இருந்தார். அவர் மலாய்க் கெரொன்சோங் மெட்டுக்கும் ஜப்பான் அணிவகுப்பு மெட்டுக்கும் தமிழில் வார்த்தை போடுவார். பாட ஆள் வேண்டியிருந்தது. அக்காவுக்குக் குரல் இருந்தது. எங்களுக்குப் பசி இருந்தது.

முதலில் கல்யாண வீடுகளில் பாடினாள். பிறகு கடலோரத்துக் கேளிக்கைப் பூங்காவில் பாடினாள். மரவள்ளிக் கிழங்கைப் பற்றி ஒரு வேடிக்கைப் பாட்டு இருந்தது. காலையில் தோசையாக வரும் கிழங்கு, மத்தியானம் சோறாக வரும், கல்யாணத்தில் லட்டாகவும் வரும் என்று அடுக்கிக்கொண்டே போகும். அதைப் பாடினால் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். மூன்று வேளையும் அதையே தின்று வயிறு வீங்கியவர்கள்தான் அப்படிச் சிரித்தார்கள்.

அவளுக்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள். அண்ணன்தான் அவர்களுக்குத் தலைவன். அக்கா காதோரம் ஒரு செம்பருத்தி வைத்துக்கொண்டு மேடை ஏறுவாள் என்பதற்காக அவனுடைய ஆட்கள் எல்லோரும் சட்டைப் பையில் செம்பருத்தி செருகிக்கொள்வார்கள். மூவாரிலிருந்து வரும் ஒரு பாடகருக்கும் ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள் கழுத்தில் பச்சைக் கைக்குட்டை கட்டுவார்கள். இரண்டு கூட்டமும் பூங்கா வாசலில் கட்டிப் புரளும். அண்ணன் உதடு கிழிந்து வருவான். "அவன் சுதி சேரல, கழுதை மாதிரி கத்துறான். அதச் சொன்னதுக்கு அடிச்சிட்டானுங்க" என்பான், ரொம்பப் பெருமையாக. அக்காவுக்கு முட்டை வரும். கொஞ்சம் சர்க்கரை வரும். ஒரு தடவை யாரோ பாதிச் சோப்புக்கட்டி ஒன்றை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தனுப்பினார்கள். மீதிப் பாதியை அந்த வீட்டில் வைத்துக்கொண்டிருப்பார்கள் போலும். அந்தச் சோப்பை அம்மா எங்களுக்குக் கொடுக்காமல் நாள் கணக்கில் மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் கம்போங் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பு. அங்கே இருந்த ஒரு செட்டிப் பெண்மணி எங்களுக்கு நல்ல பழக்கம். மலாய்க்காரிகள் போல் கெபாயா உடுத்துவார், நெற்றியில் திருநீறு வைப்பார், தமிழ் பேச வராது. கிழங்குப் பாட்டின் வார்த்தைகளை அர்த்தம் தெரியாமலே தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டு பாத்திரம் கழுவுவார். "மானிஸ் லா சுவாரா டியா" என்பார் என்னிடம். அவள் குரல் தித்திக்கிறது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் தித்திப்பு என்பது சாதாரண வார்த்தை இல்லை.

பிறகு அந்த மாலை வந்தது.

ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் அப்போது கச்சேரிகளுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஜப்பான் அதிகாரிகளோடு அவருக்கு நல்ல ஒட்டுதல். ஒருநாள் வீட்டுக்கு வந்து, படக்கொட்டகையில் ஒரு கச்சேரி, யாருக்கும் டிக்கெட் கிடையாது, எல்லாம் இலவசம் என்றார். "தம்பிகிட்ட சொல்லுங்க, தோட்டத்துப் பையனுங்க ஒருத்தன் விடாம வரணும்" என்றார். அண்ணன் இரண்டு நாள் சைக்கிள் மிதித்து எல்லாத் தோட்டத்திலும் சொல்லிவிட்டு வந்தான். பச்சைக் கைக்குட்டைக்காரர்களைக்கூடக் கூப்பிட்டான், அவர்கள் வந்து பார்த்து வயிறெரியட்டும் என்று.

எனக்கு அம்மை போட்டிருந்ததால் அம்மா என்னோடு வீட்டில் இருந்துவிட்டாள். அங்கே நடந்ததெல்லாம் பிறகு அக்கா வாயால் கேட்டதுதான். கொட்டகை நிரம்பி வழிந்ததாம். கிழங்குப் பாட்டை இரண்டு தடவை பாடச் சொன்னார்களாம். முடித்துக் கும்பிட்டபோது ஜவுளிக்கடைக்காரர் மேடை ஓரத்திலிருந்து, "இன்னும் ரெண்டு பாட்டு, இன்னும் ரெண்டு" என்று விரலைக் காட்டினாராம். அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. வெளிச்சம் வெளியே போகக்கூடாது என்று அந்தக் காலத்தில் கதவைச் சாத்துவது வழக்கம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இரண்டாவது பாட்டு முடிந்ததும் சிப்பாய்கள் உள்ளே வந்தார்கள். பெண்களையும் கிழவர்களையும் ஒரு வாசலில் அனுப்பினார்கள். இளவட்டங்களை வேறு வாசலில் தள்ளினார்கள். அந்த வாசலில் லாரிகள் நின்றன. எல்லோரும் சயாமுக்கு, ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட.

அண்ணன் அந்த வாசலைத் தாண்டும்போது மேடையைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, அம்மாகிட்ட நாளைக்கு வந்துடுவேன்னு சொல்லு" என்று கத்தினானாம். சட்டைப் பையில் பூவோடு போனான். திரும்பி வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் ஜவுளிக்கடைக்காரர் ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். கச்சேரிக்குக் கூலி என்று சொல்லி. பட்டப்பகலில், மாட்டு வண்டியில், தெருவே பார்க்க வந்து இறங்கியது. அம்மா அதைப் பிரிக்கவில்லை. நாங்கள் கிழங்கையே தின்றோம். அரிசி வண்டு விழுந்து கிடந்து கடைசியில் கோழிக்குப் போனது. ஆனால் தெரு பார்த்தது மூட்டை வந்ததை மட்டும்தான். பையன்களைப் பறிகொடுத்த தாய்மார்கள் எங்கள் வாசலில் வந்து மண்ணைத் தூற்றினார்கள். அக்கா அதன் பிறகு பாடவில்லை. அம்மா அதன் பிறகு அக்காவிடம் பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்துகொண்டு, "சோறு ஆயிடுச்சுன்னு அவகிட்ட சொல்லு" என்று என்னிடம் சொல்வாள். அக்கா காதில் அது விழுந்திருக்கும். நானும் ஒரு தடவை திருப்பிச் சொல்வேன். இப்படியே ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் வந்தான், அவனும் கிளம்பத் தயாரானான்.

ஆய்வாளர் வந்தபோது எங்கள் வீட்டு நிலை இதுதான். அவருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. முதல் வாரமே நான் வாசலில் நிறுத்தி, அண்ணன் சயாமுக்குப் போன கதையைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "தெரியும்மா. அந்தத் துக்கத்தையெல்லாம் நான் கிளற மாட்டேன். எனக்குப் பாட்டும் ரசிகர்களும் போதும்" என்றார். அப்போது அது எனக்குப் பெரிய மனிதத்தன்மையாகப் பட்டது.

அவருடைய ஒலிப்பதிவுக் கருவி ஒரு டிரங்குப் பெட்டி அளவு இருக்கும். எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. செட்டிப் பெண்மணி தன் வீட்டிலிருந்து ஒயர் இழுக்க விட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வாளர் வந்துவிடுவார். அக்கா முதலில் வார்த்தைகளை மட்டும் சொன்னாள். பிறகு முனகிக் காட்டினாள். மூன்றாவது தடவை வந்தபோது பாடினாள். குரல் கொஞ்சம் கனத்திருந்தது, மேல் சுரத்தில் உடைந்தது. ஆனாலும் அது அவள் குரல்தான். அடுக்களையில் அம்மா ஒவ்வொரு அடிக்கும் ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டாள். ஆய்வாளர் கருவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். "அம்மாவைக் கொஞ்ச நேரம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா?" என்று ஒருநாள் கேட்டார். அம்மா போகவில்லை. "எம் மகன் வூடு இது. நான் எதுக்குப் போவணும்?" என்றாள்.

அவர் கேட்ட கேள்விகள் எனக்கு நினைவிருக்கின்றன. செம்பருத்தி யாருடைய யோசனை? சோப்புக் கொடுத்தது ஆணா பெண்ணா? ரசிகர்கள் முன்வரிசையில் உட்கார முறை வைத்திருந்தார்களா? பச்சைக் கைக்குட்டைக்காரர்களில் யாராவது கட்சி மாறினார்களா? அக்கா குழந்தை மாதிரி உற்சாகமாகப் பதில் சொன்னாள். புடவையை நன்றாகக் கட்டிக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தாள். ஒருநாள் காதோரம் பூ வைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் எடுத்துவிட்டாள்.

"இவரு புத்தகம் போட்டா அதுல தம்பி பேரு வருமில்ல?" என்று என்னிடம் கேட்டாள். "ரசிகருங்களுக்கெல்லாம் அவந்தான் தலைவன்னு வருமில்ல?"

வரும் என்று சொன்னேன். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது.

சுதந்திரத்துக்குச் சில வாரம் முன்பு, ஆய்வாளர் மலாக்காவிலேயே ஒரு சொற்பொழிவு செய்யப்போவதாகச் சொன்னார். ஊர்த் தமிழர்கள் சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு ஒரு குழு அமைத்திருந்தார்கள். அவர்கள்தான் ஏற்பாடு. குழுத் தலைவர் யாரென்று அவர் சொல்லவில்லை, எங்களுக்குத் தெரியாமலும் இல்லை. ஜவுளிக்கடைக்காரர் இப்போது இரண்டு கடை வைத்திருந்தார். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் அவர் செலவு. சண்டை முடிந்ததும் வெள்ளைக்காரன் அவரைக் கூப்பிட்டு விசாரித்ததாகப் பேச்சு இருந்தது; விசாரித்து அனுப்பிவிட்டான். புத்தகம் அச்சடிக்கவும் அவரே உதவுவதாக இருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"அந்த ஆளு இருக்கிற எடத்துக்கு நாம போவணுமா?" என்று கேட்டேன்.

"எம் பாட்ட போடப்போறாங்க. நான் போவேன்" என்றாள் அக்கா.

மண்டபம் நிறைந்திருந்தது. நாங்கள் நடுவில் உட்கார்ந்தோம். ஆய்வாளர் நன்றாகப் பேசினார். கயிறு சுற்றிய சைக்கிளைச் சொன்னார், பாதிச் சோப்பைச் சொன்னார். சனங்கள் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கிழங்குப் பாட்டைப் போட்டபோது முன்வரிசையில் சட்டையும் வேட்டியுமாக இருந்த பெரிய மனிதர்கள் தொடையில் தாளம் போட்டார்கள். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் கை சுட்டது. அண்ணனைப் பற்றி "பாடகியின் குடும்பத்து இளைஞர் ஒருவர்" என்று மட்டும் சொல்லித் தாண்டினார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். ரசிகர்களின் இந்த அன்புக்கு ஒரு சோகமான முடிவும் உண்டு என்றார். இலவசக் கச்சேரி, லாரி, சயாம். "தோட்டம் தோட்டமாக ஆள் அனுப்பி இளைஞர்களை வரச் சொன்னவர் அந்தப் பாடகிதான். கச்சேரிக்குப் பிறகு அவர் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது. என்ன நடக்கப்போகிறது என்று அவருக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? வரலாற்றிடம் இதற்குப் பதில் இல்லை" என்றார். அந்த நெருக்கடியிலும் கலையை வாழவைத்த புரவலர் என்று மேடையில் இருந்த ஜவுளிக்கடைக்காரரைக் கைகாட்டி நன்றி சொன்னார். கைதட்டினார்கள்.

அக்கா என் கையை விட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"சார்" என்றாள். மேடையில் பாடியவள் அல்லவா, ஒலிபெருக்கி இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. "எனக்குத் தெரியாது. அதான் பதிலு. நீங்க என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இத்தன வாரமா எங்க வூட்ல காப்பி குடிச்சீங்க. சோப்பு என்னா கலருன்னுகூட கேட்டீங்க. இத மட்டும் கேக்கலையே சார், ஏன்?"

ஆய்வாளர் காகிதங்களை அடுக்கினார். "அம்மா, நான் உங்களைக் குற்றம் சொல்லல. ரெண்டு பக்கமும் சொல்றதுதான் ஆராய்ச்சி முறை" என்றார்.

"என் பக்கத்தக் கேக்காம எப்படி சார் ரெண்டு பக்கம் ஆவும்?" பிறகு கையை நீட்டி ஜவுளிக்கடைக்காரரைக் காட்டினாள். "ஆளு சேர்க்கச் சொன்னது அவரு. இன்னும் ரெண்டு பாட்டுன்னு வெரலக் காட்டினது அவரு. அரிசி அனுப்புனது அவரு. கதவ யாரு சாத்தச் சொன்னாங்கன்னு அவரக் கேளுங்க."

ஜவுளிக்கடைக்காரர் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் மெதுவாக எழுந்து, இரண்டு கையையும் கூப்பினார். "பாவம், கூடப்பொறந்தவன பறிகொடுத்தவங்க. அவங்க எது சொன்னாலும் நாம பொறுத்துக்கணும். சொதந்திரம் வரப்போற நேரத்துல பழச எதுக்குப் பேசணும்?" என்றார். முன்வரிசைக்காரர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அந்த வரிசையில் மூன்று பேராவது சட்டையில் செம்பருத்தி வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றவர்கள். ஏதோ காரணத்தால் அந்த மாலை கொட்டகைக்கு வராமல் தப்பித்தவர்கள். ஒருவர் இப்போது தலைமையாசிரியர். ஒருவரும் அக்காவைப் பார்க்கவில்லை. பின்னால் இருந்து ஒரு கிழவி, "எம் புள்ளைய தின்னவளே, பேச வந்துட்டியா?" என்று கத்தினாள். அதன் பிறகு யார் யாரோ கத்தினார்கள். நான் அக்காவை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் அம்மா விழித்திருந்தாள். செய்தி எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "இப்ப வாயத் தொறந்து என்னா? அன்னைக்கு மூடியிருக்கணும்."

சொற்பொழிவின் சுருக்கம் ஒரு பத்திரிகையில் வந்தது. அக்கா பேசியது அதில் இல்லை. கொடி கேட்டிருந்த கடைகள் ஆளனுப்பித் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டன. பாதி தைத்ததையும் அப்படியே வாங்கிப் போனார்கள். புக்கிட் பாருவிலிருந்து வந்துகொண்டிருந்த ரவிக்கைக்காரிகள் வருவதை நிறுத்தினார்கள். செட்டிப் பெண்மணி மட்டும் வழக்கம்போல் வந்தார். தைக்க வேண்டியது ஒன்றும் இல்லாதபோதும் ஏதாவது ஒரு துணியைக் கொண்டுவந்து தையலைப் பிரித்து மறுபடி தைக்கச் சொல்வார்.

ஊரெல்லாம் கொடி பறந்து சில நாள் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் ஒருவர் வாசலில் வந்து நின்றார். மெலிந்த ஆள், ஒரு காலை இழுத்து நடந்தார். பத்திரிகையைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். தான் சயாமிலிருந்து திரும்பியவன், எங்கள் அண்ணனோடு ஒரே லாரியில் ஏறியவன், அங்கே ஒரே கொட்டகையில் படுத்தவன் என்றார். சண்டை முடிந்த பிறகு யாராவது இப்படி வரமாட்டார்களா என்று அம்மா எத்தனை நாள் ரயில் நிலையத்தில் போய் நின்றிருக்கிறாள். இவர் இத்தனை வருடம் கழித்து வந்தார்.

அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் காப்பி கலந்தேன். அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பவே வந்திருக்கணும்" என்றார் அவர். "முடியலம்மா. சொல்றதுக்கு வாய் வரல."

"என்னா நடந்துச்சோ சொல்லுங்க" என்றாள் அக்கா.

அவர் காப்பியைத் தொடவில்லை. "அங்க அந்தப் பாட்ட யாரும் பாடக்கூடாது. எவனாச்சும் மொனவுனா நாங்களே அடிப்போம். அந்தப் பாட்டாலதானே வந்து மாட்டுனோம்னு ஒரு ஆத்திரம். உங்க தம்பி தூக்கத்துல பாடுவான். வேணும்னு இல்ல, தன்ன அறியாம பாடுவான். பாடுனவளோட தம்பி, கூட்டிட்டு வந்தவனும் இவந்தான்னு... அடிச்சோம். நானும் அடிச்சேன். பல நாளு அடிச்சோம்."

அக்கா கேட்டாள், "அதுலயா செத்தான்?"

"இல்லம்மா. காலரா. எங்க கொட்டாயில பாதிப்பேரு அதுலதான் போனாங்க."

"யாரு எடுத்துப் போட்டது?"

"நாந்தான். நானும் இன்னொருத்தனும். மூங்கில் அடுக்கி எரிச்சோம்."

அக்கா எழுந்து அவரைக் கும்பிட்டாள். அவருக்கு அது தாங்கவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அக்கா அழவில்லை. "காப்பி ஆறிடுச்சு, குடிங்க" என்றாள். அவர் குடித்துவிட்டுப் போனார். எந்த ஊர் என்று நான் கேட்க மறந்துவிட்டேன். மறுபடி வரவில்லை.

அவர் போனதும் அம்மா முன்னறைக்கு வந்தாள். அக்காவுக்கு நேராக வந்து நின்றாள். இத்தனை காலத்துக்குப் பிறகு நேரடியாக அவளிடம் பேசினாள். நான் ஒரு கணம் என்னென்னவோ நினைத்துவிட்டேன்.

"அடி வாங்கி வாங்கியும் உன் பாட்டத்தான் பாடியிருக்கான் எம் புள்ள" என்றாள். "நீ இங்க உக்காந்து அத அந்த மெஷின்காரனுக்குப் பாடிக் குடுத்திருக்க."

அவ்வளவுதான். பிறகு சாகும் வரையில் அம்மா அவளோடு பேசவில்லை.

நான் ஆய்வாளருக்குக் கடிதம் எழுதினேன். சயாமிலிருந்து ஒருவர் வந்தார், இப்படிச் சொன்னார், இதையும் அக்கா சொன்னதையும் புத்தகத்தில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ஒலிநாடாவைத் திருப்பித் தர வேண்டும் என்று. பதில் ஆங்கிலத்தில் வந்தது, மரியாதையாக. அந்த அத்தியாயம் ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டது, ஒலிநாடா பல்கலைக்கழகத்தின் சொத்து என்றிருந்தது. வந்தவரின் முகவரி கிடைத்தால் தெரிவிக்கும்படி கேட்டிருந்தார். ரசிகர்கள் பாட்டையே வெறுத்தது ஆய்வுக்குச் சுவையான ஒரு கோணமாம்.

புத்தகம் வந்தது. நான் வாங்கவில்லை, பள்ளி நூலகத்துக்கு யாரோ நன்கொடை கொடுத்தார்கள், அதில் பார்த்தேன். அண்ணனின் பெயர் இல்லை. ஜவுளிக்கடைக்காரரின் படம் முதல் பக்கத்தில் இருந்தது. சில வருடங்களில் அவருக்கு அரசாங்கப் பட்டமும் கிடைத்தது. ஆய்வாளர் பேராசிரியரானார். இரண்டு பேருமே வயதாகி, பேரப்பிள்ளைகளைப் பார்த்து, படுக்கையில் செத்தார்கள்.

அக்கா சுதந்திரம் வந்த அடுத்த வருடம் ஜொகூர் பாருவில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போனாள். அங்கே மனைவியை இழந்த ஒரு பேருந்துப் பரிசோதகரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல மனிதர். பிள்ளைகள் இல்லை. அம்மா இறந்தபோது வந்தாள். பிணத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மற்றப் பெண்கள் ஒப்பாரி வைத்த அறையில் உட்காராமல் வெளியே போய் நின்றுகொண்டாள்.

பல வருடம் கழித்து அவளும் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்து நான் கிளம்பும்போது அத்தான் என்னைப் பேருந்து நிலையம் வரை கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு என்னிடம் ஏதோ கேட்க வேண்டியிருந்தது. பேருந்து வந்து நின்ற பிறகுதான் கேட்டார்.

"தங்கச்சி, ஒன்னு கேக்கணும். இத்தன வருஷத்துல வூட்ல ஒரு ரேடியோ வாங்க விட்டதில்ல உங்க அக்கா. பக்கத்து வூட்ல பாட்டு கேட்டா சன்னல சாத்திடுவாங்க. கல்யாணத்துக்குப் போனா மேளம் ஆரம்பிக்கிறதுக்குள்ள கெளம்பிடுவாங்க. பாட்டுன்னா ஏன் அவங்களுக்கு அவ்ளோ வெறுப்பு? சின்ன வயசுலயே அப்படித்தானா?"

அவள் ஒரு காலத்தில் பாடியவள் என்பதே அவருக்குத் தெரியாது. எங்கள் அக்கா அதையும் சொல்லாமல் செத்திருந்தாள். அவள் சொல்லாததை நான் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

"ஆமா அத்தான், சின்ன வயசுலயே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.